பனையோலைக் கூடையும் அதை இழைக்கும் பெண்களும்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பனையோலைச் சாமான் விற்கும்போதும், வடக்கில் இழைக்கும் அக்காமாருக்கு இங்கிருந்து ஓடர் எடுத்துக் கொடுக்கும்போதும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வாங்குகிறவர்கள் கேட்பது, இழைக்கிறவர்கள் கேட்பது, புதிதாகத் தொடங்க நினைக்கிறவர்கள் கேட்பது எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

கடகம், பெட்டி, குட்டான் எல்லாம் ஒண்டுதானே அக்கா? எது எதுக்கு?

எல்லாம் பனையோலைதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு. கடகம் பெரியது, பாரம் சுமக்கிறது. அதன் விளிம்பையும் வெளிப்பக்கத்தையும் பனைமட்டை நாரால் பொத்திக் கட்டுவார்கள். அந்த நார்க்கட்டு இருப்பதால்தான் நெல், மீன், மண் எதைப் போட்டாலும் தாங்குகிறது. பெட்டி அதைவிடச் சிறியது. மூடி வைத்தால் மூடல்பெட்டி. வெற்றிலை பாக்கும் சில்லறையும் வைத்து மடியில் செருகிக்கொள்வது கொட்டைப்பெட்டி. பனங்கட்டி ஊற்றுவது குட்டான். புட்டு அவிக்கும் கூம்பு நீத்துப்பெட்டி. அரிசி புடைக்கச் சுளகு, பானை இருத்தத் திருகணை, குந்தி இருக்கத் தடுக்கு.

கொழும்புக்காரர் இன்று கூடுதலாகக் கேட்பது கைப்பை, சந்தைக் கூடை, மடிகணினி உறை, அன்பளிப்புப் பெட்டி. அதைக் குறை சொல்ல மாட்டேன், அந்த ஓடர்கள்தான் பல வீடுகளில் அடுப்பெரிக்கின்றன. ஆனால் கடகத்துக்கு நார் பொத்தத் தெரிந்த கைகள் குறைந்து வருகின்றன. வீட்டில் இடமிருந்தால் ஒரு கடகமும் சேர்த்து வாங்குங்கள். வெங்காயம், உருளைக்கிழங்கு போட்டு வைக்க அதைவிட நல்ல பாத்திரம் இல்லை, காற்று உள்ளே போய்வரும்.

கொழும்பில எங்க வாங்கலாம்?

பனை அபிவிருத்திச் சபையின் ‘கற்பகம்’ விற்பனை நிலையம் முதல் இடம். அந்தச் சபை 1978இல் உருவானது, தலைமையகம் யாழ்ப்பாணத்தில், கொழும்பில் காலி வீதியிலும் கடை இருக்கிறது. அரசின் லக்சல கடைகளில் பனையோலையோடு பன்புல் பாய், பிரம்பு, தும்பு என எல்லா மாகாணச் சாமான்களும் கிடைக்கும். சனிக்கிழமைகளில் குதிரைப் பந்தயத் திடல் பக்கம் கூடும் குட் மார்க்கெட்டில் சிறு உற்பத்தியாளர்கள் வருவார்கள். செய்தவரிடமே பேசி வாங்க அது வசதி. வெள்ளவத்தைச் சந்தைப் பக்கக் கடைகளில் நீத்துப்பெட்டியும் சுளகும் சாதாரணமாகவே தொங்கும்.

பிரம்புச் சாமான் வேண்டுமென்றால் கண்டி வீதியில் வேவல்தெனியப் பக்கம் போய்ப் பாருங்கள். வீதியின் இரு பக்கமும் கடைகள்தான்.

ஒரு கூடைக்கு ஏன் இவ்வளவு விலை? பிளாஸ்டிக் கூடை 400 ரூபாவுக்கு வாங்கலாமே!

விலையைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். பனையில் ஏறிக் குருத்து, அதாவது விரியாத இளம் ஓலை, வெட்ட ஆள் வேண்டும், அந்த ஆள் இப்போது சுலபமாகக் கிடைப்பதில்லை. வெட்டிய குருத்தை விரித்து வெயிலில் நாட்கணக்கில் காய வைக்க வேண்டும். ஈர்க்கு நீக்க வேண்டும். சத்தகம் என்ற சிறு கத்தியால் ஒரே அகலத்தில் கீற்றாக வார வேண்டும். சாயம் போடுவதென்றால் கொதிநீரில் அவித்து மறுபடி காயவைக்க வேண்டும். இழைக்கத் தொடங்கும் முன்பே பாதி வேலை முடிந்திருக்கும்.

ஒரு உதாரணக் கணக்கு. நடுத்தர அளவுச் சந்தைக் கூடை ஒன்றுக்கு ஓலை தயாரிப்பு, இழைப்பு, விளிம்பு, கைபிடி எல்லாம் சேர்த்து எட்டு மணிநேரம் என்று வைப்போம். 2026 ஜனவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்ச நாட்கூலி 1,200 ரூபா. அதையே கூலியாகப் போடுங்கள். ஓலைக்கும் சாயத்துக்கும் 250, யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் பொதி போட 100, பழுதாகிற ஓலைக்கும் விற்காமல் தேங்குவதற்கும் 250. மொத்தம் 1,800. இதில் இன்னும் லாபம் சேரவில்லை, கடை வாடகை சேரவில்லை. சட்டம் சொல்லும் மிகக் குறைந்த கூலியைத்தான் போட்டிருக்கிறோம், கைத்திறனுக்கென்று ஒரு ரூபாவும் போடவில்லை.

இப்போது அதே கூடை எங்கேயாவது 1,200க்குக் கிடைக்கிறது என்றால், ஓலையும் போக்குவரத்தும் கடைக்காரர் பங்கும் போக இழைத்தவருக்கு எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று நீங்களே கழித்துப் பாருங்கள். குறைந்த விலையின் பாரத்தை எப்போதும் அந்தப் பெண்தான் சுமக்கிறாள், ஏனென்றால் அவளுடைய நேரத்துக்கு மட்டும்தான் யாரும் பில் போடுவதில்லை.

நான் குடுக்கிற காசு உண்மையிலேயே இழைச்ச ஆளுக்குப் போகுதா?

எல்லாக் கேள்விகளிலும் எனக்கு மிகப் பிடித்தது இது. உறுதியாக அறிய ஒரே வழி கேட்பதுதான். விற்கிறவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: இதை எந்த ஊரில் இழைத்தார்கள், ஒன்றுக்கு இழைத்தவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், வாங்கிய அன்றே கொடுத்தீர்களா, விற்ற பிறகு கொடுப்பீர்களா. மூன்றாவது கேள்வி முக்கியம். ‘விற்றால் காசு’ என்ற ஏற்பாட்டில் கடைக்காரரின் நட்டப் பயம் முழுவதும் இழைத்தவர் தலையில் விழுகிறது. மூன்று மாதம் கழித்துப் பாதிச் சாமான் நிறம் மங்கித் திரும்பி வரும், காசும் வராது.

நேர்மையாகச் செய்கிறவர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்கள். இழைத்தவரின் பெயரையும் ஊரையும் துண்டில் எழுதிக் கட்டி விடுகிறவர்களும் இருக்கிறார்கள். பெயர் இருப்பதால் மட்டும் கூலி சரியாகக் கொடுத்தார்கள் என்று ஆகிவிடாது, ஆனால் கேட்பதற்கு ஒரு வாசல் திறக்கிறது.

வாங்கி ரெண்டு மாசத்தில பூஞ்சணம் பிடிச்சிட்டுது. தரம் சரியில்லையோ?

பெரும்பாலும் தரம் காரணமில்லை, கொழும்பின் ஈரக்காற்றுதான் காரணம். யாழ்ப்பாணத்து வரண்ட வெயிலில் காய்ந்த ஓலை, கடலோர அடுக்குமாடியில் மூடிய அலுமாரிக்குள் போனால் ஈரத்தை இழுக்கும். உலர்ந்த துணியால் அல்லது மென்மையான பிரஷ்ஷால் தட்டித் துடைத்து, காலை வெயிலில் ஒரு மணிநேரம் வையுங்கள். சாயம் போட்டதென்றால் கடும் வெயிலில் வைக்காதீர்கள், நிறம் போய்விடும், காற்றோட்டமான நிழல் போதும். பொலித்தீனில் சுற்றி மட்டும் வைக்க வேண்டாம். பாவித்துக்கொண்டே இருக்கும் கூடைக்குப் பூஞ்சணம் வருவது குறைவு.

நீத்துப்பெட்டியைப் பாவித்தவுடன் கழுவி, அடுப்படியில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு இராக்கைக்குள் வைத்தால்தான் கறுக்கும்.

பிளாஸ்டிக் தடையால இந்த அக்காமாருக்கு ஏதும் நன்மை கிடைச்சுதா?

கொஞ்சம். மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 ஏப்ரலில் சரிந்த பிறகு, அதே வருடம் செப்டெம்பர் 1 முதல் மதியச் சாப்பாடு சுற்றும் பொலித்தீன் தாள், சில வகைப் பைகள், ரெஜிபோம் பெட்டிகள் தடைசெய்யப்பட்டன. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவித்து வீசும் பிளாஸ்டிக் கோப்பை, தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழாய் தடைப்பட்டியலில் சேர்ந்தன. அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டும் இருக்கிறது. எங்கள் பெண்களுக்கு நேராகப் பொருந்துகிற வரி அதுதான்.

ஆனால் தடை வந்ததால் மட்டும் ஓடர் வந்துவிடாது. ஒரு சாப்பாட்டுக் கடை இடியப்பத் தட்டு கேட்டால் நூற்றுக்கணக்கில், ஒரே அளவில், குறித்த நாளில் கேட்கும். ஐந்து பெண்கள் தனித்தனியாக இருந்தால் அதைக் கொடுக்க முடியாது. கூட்டாக இருந்தால் முடியும். அதைக் கீழே சொல்கிறேன்.

குருத்து வெட்டினா மரம் பட்டுப் போகாதா? இயற்கையைக் காப்பாத்துறம் எண்டு சொல்லி மரத்தை அழிக்கிறமோ?

நியாயமான பயம். பனை மெதுவாக வளர்கிற மரம், மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் ஓலைதான் விடும். ஒரே மரத்தில் குருத்துக்கு மேல் குருத்தாக வெட்டிக்கொண்டே போனால் மரம் மெலியும், காய்ப்பு விழும். அனுபவமுள்ள ஏறுபவர்கள் ஒன்றை வெட்டிவிட்டு அடுத்த ஓலைகள் விரியும்வரை அந்த மரத்தை விட்டுவிடுவார்கள். வடலிகள் (இளம் பனைகள்) நிறைய நிற்கிற இடத்தில் சுற்றிச் சுற்றி வெட்டலாம். முழு மரத்தைத் தறிப்பது வேறு விஷயம், அதற்குப் பனை அபிவிருத்திச் சபையின் அனுமதி வேண்டும்.

போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகவும் காவலரண்களுக்காகவும் தறிக்கப்பட்ட பனைகள் கொஞ்சமல்ல. அவற்றின் இடத்தில் ஊன்றிய விதைகள் பெரிய மரமாக ஒரு தலைமுறையாகும். பனங்கொட்டை ஊன்றும் வேலையில் இழைக்கும் பெண்களையும் பிள்ளைகளையும் சேர்க்கும் சங்கங்கள் இருந்தால், ஆதரிப்பதற்கு யோசிக்கவே வேண்டாம்.

நான் பிளட்டில இருக்கிறன். இஞ்ச இருந்தே பழகலாமா? ஓலைக்கு எங்க போறது?

பழகலாம். ஓலை யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார்ப் பக்கத்திலிருந்து காயவைத்துச் சுருட்டி பஸ்ஸில் வரும். வார்ந்த ஓலையாகவே கேளுங்கள். கருக்கு மட்டையோடு வந்தால் புதியவரின் கையைக் கிழித்துவிடும். ஒரு சத்தகம், ஒரு வாளி தண்ணீர், ஈரத்துணி, இவ்வளவுதான் தேவை. இழைக்கும்போது ஓலை மெல்லிய ஈரத்தில் இருக்க வேண்டும். காய்ந்தால் வெடிக்கும், ஊறினால் பிறகு தளரும்.

தடுக்கில் தொடங்குங்கள், தட்டையாக இருப்பதால் பின்னல் கண்ணில் படியும். அப்புறம் நாலு மூலைச் சிறு பெட்டி. பெட்டியின் அடி முடிந்து சுவர் எழும்புகிற திருப்பம்தான் எல்லோருக்கும் கடினம். அந்த இடத்தை வீடியோ பார்த்துப் பழகுவதைவிட, தெரிந்த ஒரு அம்மாவின் பக்கத்தில் இருந்து பழகுவது நல்லது. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் ஊரில் இழைத்துப் பழகிய அம்மாமார் எத்தனையோ பேர் பேரப்பிள்ளை பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் இருக்கிறார்கள். உங்கள் மாடியிலேயே விசாரித்துப் பாருங்கள். சொல்லித் தருவதற்கு அவர்களுக்கும் ஏதாவது கொடுங்கள், சும்மா வாங்காதீர்கள்.

வயர் கூடை பின்னுறதும் இதில சேருமா? அது பிளாஸ்டிக் எல்லோ?

பிளாஸ்டிக்தான். ஆனால் கொழும்பில் ‘தோட்டம்’ என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளிலும் கிராண்ட்பாஸ், மட்டக்குளிப் பக்கத்திலும் ஓலை கிடைக்காத பெண்களுக்குக் கைக்கெட்டுவது அதுதான். புறக்கோட்டையில் வயர் வாங்கலாம், மழைக்காலத்திலும் வேலை நிற்காது, ஒரு கூடை பல வருடம் உழைக்கும், ஒருநாளில் வீசுகிற பைக்கு அது எவ்வளவோ மேல். பாரம்பரியம் என்று சொல்லி விற்க வேண்டாம், கைவேலை என்று சொல்லி விற்கலாம். கூலிக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

என்ர மகள் ஏ.எல். முடிச்சவள். ஓலை இழைக்கப் போறன் எண்டு நிக்கிறாள். சனம் என்ன சொல்லும்?

சனம் சொல்லும். பனையோடு சேர்ந்த தொழில்களை எங்கள் சமூகம் நீண்ட காலம் கீழாகப் பார்த்தது. மரமேறியவரையும் ஓலை இழைத்தவரையும் சாதியின் பெயரால் தள்ளி வைத்துவிட்டு, அவர்கள் கொண்டுவந்த கருப்பநீரையும் கடகத்தையும் மட்டும் வீட்டுக்குள் எடுத்தார்கள். அதே கடகம் இன்று வெளிநாட்டவர் கையில் பையாகத் தொங்கும்போது ‘எங்கள் பாரம்பரியம்’ என்று பெருமை பேசுகிறோம். அந்தப் பெருமையில் இழைத்தவர்களுக்கும் பங்கு வேண்டும். உங்கள் மகளுக்கு வெட்கப்பட எதுவுமில்லை.

ஆனால் வருமானத்தைப் பற்றி நேராகப் பேசுங்கள். இழைப்பு மட்டும் தெரிந்தால் மேலே சொன்ன நாட்கூலி அளவில்தான் நிற்கும். வடிவமைப்பு, படம் எடுத்தல், விலை போடுதல், வாடிக்கையாளரோடு மூன்று மொழியில் பேசுதல், இவை சேர்ந்தால் அது தொழில். படித்த பிள்ளை அதைத்தான் கூடுதலாகக் கொண்டுவர முடியும். தேசிய அருங்கலைகள் பேரவையில் கைப்பணியாளராகப் பதிவு செய்யலாம். பேரவை 1982ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் வந்தது, அலுவலகம் பத்தரமுல்லையில். ஏற்கெனவே வேலை தெரிந்தவர்கள் மறுபடி முழுப் பயிற்சிக்குப் போகாமல், திறனைச் சோதித்து என்.வீ.கியூ. என்ற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் பெறும் வழியும் உண்டு. வங்கியிலும் வெளிநாட்டு விண்ணப்பத்திலும் அந்தத் தாள் உதவும்.

தனியாச் செய்யிறதா, குழுவாச் செய்யிறதா?

இழைப்பது தனியாக, விற்பது கூட்டாக. எனக்குத் தெரிந்த அளவில் நிலைத்து நிற்கும் இடங்களெல்லாம் இப்படித்தான் இருக்கின்றன. வீட்டில் பிள்ளை தூங்கும் நேரத்தில் இழைக்கலாம் என்பதே இந்தத் தொழிலின் பெரிய வசதி. அதை விட்டுவிட்டு எல்லோரையும் காலை எட்டு மணிக்கு மண்டபத்துக்கு வா என்றால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். ஆனால் ஓலை மொத்தமாக வாங்குவது, சாயம் போடுவது, அளவு பார்ப்பது, ஓடர் பிரிப்பது இவற்றைக் கூட்டாகச் செய்ய வேண்டும். வடக்கில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும், பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்களும் இதற்காகவே இருக்கின்றன. புதிய சங்கம் தொடங்க முன் இருப்பதைப் போய்ப் பாருங்கள்.

குழுவில் சண்டை வருவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: ஓடரை யாருக்கு எத்தனை என்று பிரிக்கும்போது, தரமில்லாததைத் திருப்பிக் கொடுக்கும்போது. இரண்டுக்கும் விதியை முதலிலேயே எழுதி எல்லோரும் கையெழுத்து வையுங்கள். அளவுக்கு ஒரு மாதிரிப் பெட்டியைச் செய்து சங்கத்தில் வைத்துவிடுங்கள். அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாதம் வராது. கணக்குப் புத்தகம் தலைவியின் வீட்டில் பூட்டியிருக்கக் கூடாது, கேட்ட நேரத்தில் யாரும் பார்க்கலாம் என்று இருக்க வேண்டும்.

கலியாணத்துக்கு 300 பெட்டி வேணும். ஒரு மாசம் காணுமா?

மாதத்தைப் பொறுத்தது. வடக்கில் ஐப்பசி, கார்த்திகை மழை. குருத்து காயாது, காய்ந்த ஓலையும் ஈரம் இழுக்கும். நத்தார் அன்பளிப்புக்கும் தைக் கலியாணங்களுக்கும் செப்டெம்பருக்குள் சொல்லிவிட வேண்டும். வரண்ட காலத்தில், தாம்பூலப் பெட்டி போன்ற சிறிய அளவு என்றால், ஒருவர் நாளுக்கு நாலு என்று வைத்தாலும் ஐந்து பேருக்குப் பதினைந்து நாள். ஓலை தயாரிக்க ஒரு வாரம், அனுப்ப ஓரிரு நாள், பழுதைத் திருத்த ஒரு வாரம். ஒரு மாதம் மட்டுமட்டாகக் காணும், ஒன்றரை மாதம் நல்லது.

பாதிக் காசை முற்பணமாகக் கொடுங்கள். ஓலை வாங்க அவர்களிடம் கைமுதல் இருக்காது. முற்பணம் இல்லாத பெரிய ஓடர் அவர்களைக் கடனுக்குள் தள்ளிவிடும். கையால் செய்வதால் பெட்டிக்குப் பெட்டி விரல் அகலம் கூடக் குறைய இருக்கும், நிறமும் சற்று மாறும் என்பதை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எங்கட கம்பனி மகளிர் தினத்துக்கு 500 பை எடுக்கும். பெண்களுக்கு உதவிதானே, விலையைக் குறைச்சுத் தருவீங்களா?

பை எடுப்பது நல்லது. ஆனால் விலைக்கழிவு கேட்கும்போது அந்தக் கழிவைக் கொடுப்பது யார் என்று யோசியுங்கள். இயந்திரத்தில் 500 செய்தால் ஒன்றின் செலவு குறையும். கையில் 500 செய்தால் ஐந்நூறாவது பைக்கும் முதலாவதன் நேரமேதான் எடுக்கும். ஓலையை மொத்தமாக வாங்குவதில் சிறிது மிச்சம் வரலாம், அதற்குமேல் குறைத்தால் கூலியில்தான் கை வைக்க வேண்டும்.

மார்ச் மாதம் 500 எடுத்துவிட்டு அடுத்த மார்ச் வரை பேச்சில்லாமல் இருப்பதைவிட, மாதம் 40 எடுப்பது அவர்களுக்குப் பல மடங்கு பெறுமதி. மாதாமாதம் நிச்சயமான வருமானம் இருந்தால்தான் ஒரு பெண் பிள்ளையின் ரியூஷன் காசையோ சீட்டுக் காசையோ நம்பி ஒப்புக்கொள்ள முடியும். கூட்டத்துக்கு வருபவர்களுக்கான அன்பளிப்பு, புதிய ஊழியருக்கான பொதி, கொப்பிகள் போடும் தட்டு என்று வருடம் முழுவதும் பிரித்து எடுக்க வழி இருக்கிறது. கேட்டால் நாங்களே திட்டம் போட்டுத் தருவோம்.

நாங்கள் ஒரு சங்கம். கிராமத்துப் பெண்களுக்கு இழைப்புப் பயிற்சி வைக்க நிதி இருக்கு. செய்யலாமா?

முதலில் அந்தக் கிராமத்தில் போய் இருந்து கேளுங்கள். பல ஊர்களில் ஒரே பெண்கள் ஒரே அடிப்படைப் பயிற்சியை வேறு வேறு பதாகைகளின் கீழ் பெற்று, அலுமாரி நிறையச் சான்றிதழ் வைத்திருக்கிறார்கள். இழைக்கத் தெரியாதது அவர்களுடைய பிரச்சினை இல்லை. வாங்க ஆள் இல்லாதது, நல்ல ஓலை நேரத்துக்குக் கிடைக்காதது, விலை போடத் தெரியாதது, இவைதான் பிரச்சினை.

அந்த நிதியில் ஓலை காயவைக்க மழை படாத ஒரு கூடாரம், சாயம் அவிக்க ஒரு பெரிய அடுப்பும் பாத்திரமும், ஓலை வாங்கச் சுழற்சி முதல் ஒன்று, கொழும்பில் ஆறு மாதம் விற்பனை பார்க்கச் சம்பளத்துக்கு ஒரு ஆள், இவற்றைச் செய்யுங்கள். நாள் முழுக்கத் தரையில் குனிந்திருந்து முதுகு நோகிறவர்களுக்கு உயரம் குறைந்த, சாய்வுள்ள இருக்கை செய்து கொடுத்தாலும் பெரிய உதவி. அதை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை.

கடன் எடுத்துத் தொடங்கலாமா? வீட்டுக்கே வந்து குடுக்கிறாங்கள்.

வீட்டுக்கே வந்து தருகிற கடனைப் பற்றி மிகக் கவனமாக இருங்கள். கிழமைக்கொருதரம் கட்டவேண்டிய நுண்கடன், மாதம் கழித்துக் காசு வருகிற ஓலைத் தொழிலுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஒன்றைக் கட்ட இன்னொன்று எடுத்து வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ பெண்கள் சிக்கினார்கள். 2018இல் வறட்சி மாவட்டப் பெண்களின் ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசே நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போனது.

இந்தத் தொழிலுக்குப் பெரிய முதல் தேவையில்லை. முற்பணத்தில் தொடங்குங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் உங்கள் குழுவே சேமித்து உங்களுக்குள்ளேயே கடன் கொடுக்கும் முறை நல்லது. கொழும்பின் வசதி குறைந்த குடியிருப்புப் பெண்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து தொடங்கிய பெண்கள் வங்கி அப்படி வளர்ந்ததுதான். 1991இல் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவானது.

பதிவு செய்யவேணுமா?

வட்ஸ்அப்பில் நாலு பேருக்கு விற்கும்வரை அவசரமில்லை. கம்பனிகளுக்கும் கடைகளுக்கும் கொடுக்கப் போனால் பில் கேட்பார்கள், வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்கு கேட்பார்கள். அப்போது பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள், கிராம அலுவலரிடமிருந்து தொடங்க வேண்டும். பதிவு இழைக்கிற அல்லது நடத்துகிற பெண்ணின் பெயரிலேயே இருக்கட்டும். ‘அலைச்சலாக இருக்கும், அண்ணாவின் பெயரில் போடுவோம்’ என்று தொடங்கினால் பின்னால் கணக்கும் கையெழுத்தும் அவரிடமே நிற்கும்.

மச்சாள் அவுஸ்திரேலியாவில இருந்து 20 கூடை கேட்கிறா. அனுப்பலாமா? பிடிப்பாங்களா?

அனுப்பலாம், மறைக்கக் கூடாது. தாவரப் பொருள் எதுவானாலும் அங்கே இறங்கும்போது அறிவிக்க வேண்டும். நன்றாகக் காய்ந்து, பூச்சியும் பூஞ்சணமும் மண்ணும் இல்லாமல் இருந்தால் சாதாரணமாக விடுவார்கள். பூச்சி அரித்த ஒன்று கண்ணில் பட்டால் முழுப் பொதியையும் மருந்தடிக்கச் சொல்வார்கள் அல்லது அழிப்பார்கள், செலவு உங்களது. அலங்காரத்துக்கு விதைகள், மணிகள் கோர்த்த கூடைகளைத் தவிருங்கள். பச்சை ஓலை எந்த வடிவிலும் வேண்டாம். விற்பனைக்கென்று அளவாக அனுப்புவதானால் இங்குள்ள தாவரத் தனிமைப்படுத்தல் சேவையிடம் நற்சான்று பற்றியும், ஏற்றுமதி அபிவிருத்திச் சபையிடம் நடைமுறை பற்றியும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் கண்டுபிடிச்ச டிசைனை ஒரு கடை அப்பிடியே கொப்பி அடிச்சு வேற ஆக்களைக் கொண்டு மலிவாச் செய்விக்குது. ஏதும் செய்யலாமா?

மூடல்பெட்டி, கொட்டைப்பெட்டி போன்ற பழைய வடிவங்கள் யாருக்கும் தனிச் சொத்தல்ல. நீங்கள் புதிதாக உருவாக்கிய வடிவம் என்றால் 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் கைத்தொழில் வடிவமாகப் பதியலாம். முதலில் ஐந்து வருடம், பிறகு இரண்டு தடவை நீடிக்கலாம். சந்தைக்கு விட முன்பே விண்ணப்பியுங்கள், ஏனென்றால் புதியதாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

ஊர் முழுவதற்கும் சேர்த்துப் பாதுகாப்புத் தேடும் வழியும் உலகில் இருக்கிறது. தமிழ்நாட்டில் செட்டிநாட்டுப் பனையோலைக் கொட்டானும் பத்தமடைப் பாயும் புவிசார் குறியீடு பெற்றவை. நம் நாட்டில் தும்பறை ரட்டா கலால பாய் நெசவு 2021இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பிடித்தது. வடக்கின் பனையோலை வேலைக்கும் அப்படியொன்று வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன், அதற்குக் கூட்டுறவுகள்தான் முன்வர வேண்டும். அதுவரை நடைமுறைப் பாதுகாப்பு ஒன்றுதான்: வருடத்துக்கு ஓரிரு புது வடிவம், அதோடு வாங்குகிறவர் உங்கள் பெயரை அறிந்திருப்பது.

உழைக்கிறது நான், காசு அவரின்ர கைக்குப் போகுது. இதுக்கு என்ன செய்யலாம்?

இதை மெதுவாகத்தான் கேட்பார்கள், பெரும்பாலும் மற்றவர்கள் எழுந்து போன பிறகு. நாட்டில் ஏறக்குறைய நாலு குடும்பத்தில் ஒன்றைப் பெண்தான் தலைமை தாங்குகிறாள். அவர்களுக்குச் சிரமம் வேறு மாதிரி. ஆனால் கணவர், தகப்பன், மூத்த மகன் இருக்கிற வீட்டில் வருமானம் வந்ததாலேயே பெண்ணின் நிலை உயர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். யார் அந்தக் காசை எடுக்கிறார், யார் செலவைத் தீர்மானிக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

செய்யக்கூடியது சில. உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு திறவுங்கள், கூட்டுக் கணக்கு வேண்டாம். அட்டையும் இரகசிய இலக்கமும் உங்களிடமே இருக்கட்டும். வாங்குகிறவரிடம் கையில் காசு தராமல் கணக்கில் போடச் சொல்லுங்கள். குழுவில் ஒவ்வொருவரின் கொடுப்பனவிலும் ஒரு பங்கைச் சேமிப்பாகப் பிடிப்பது என்று பொது விதி வைத்தால், ‘சங்கம் பிடித்துவிட்டது’ என்று வீட்டில் சொல்லவும் இடமிருக்கும். காசுக்காக அடி, மிரட்டல் என்று போனால் பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார், 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். விற்றுத் தருகிற எங்களைப் போன்றவர்களும் ஒன்றைக் கடைப்பிடிக்கலாம்: ‘அவவின்ர காசைத் தாங்கோ’ என்று வேறு யார் வந்து கேட்டாலும், இழைத்தவரிடம் தொலைபேசியில் கேட்காமல் ஒரு ரூபாவும் கொடுப்பதில்லை.